திங்கள் முந்தும், சனி பிந்தும்: சாவிக் கடிகாரங்களில் விசைக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய சாவிக் கடிகாரம் நின்றுபோனால் வீட்டில் ஒரே தீர்ப்புதான்: "ஸ்பிரிங் போய்விட்டது." உறவினர் வீடுகளிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் இந்தத் தீர்ப்போடு என் மேசைக்கு வந்த கடிகாரங்களில் உண்மையாகவே ஸ்பிரிங் முறிந்திருந்தவை மிகச் சில. மற்றவற்றில் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அது கொடுத்த விசை பாதி வழியில் தின்னப்பட்டது. இல்லையென்றால் ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் வந்தது. இது தெரியாமல் பெண்டுலத்தின் திருகைத் திருகித் திருகி, நன்றாக இருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள்.

கீழே உள்ளவை மூன்று வகைக் கடிகாரங்களுக்குப் பொருந்தும். பெண்டுலம் ஆட, மணி அடிக்க, எட்டு நாள் ஓடும் சுவர்க்கடிகாரம். ஜெர்மனியின் ஜங்ஹான்ஸ், அமெரிக்காவின் அன்சோனியா, ஜப்பானின் செய்கோஷா என்று பழைய வீடுகளில் மாட்டியிருப்பவை இந்த வகை. அடுத்தது எடை தொங்கும் கடிகாரம். மூன்றாவது, எச்எம்டி ஜனதா போலத் தினமும் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம். உங்கள் கடிகாரத்தின் அறிகுறியைத் தேடி நேரே அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

தொடங்கும் முன்

சாவி கொடுத்த ஸ்பிரிங்கில் ஒரு வாரத்துக்கான ஆற்றல் அடைந்துகிடக்கிறது. அமெரிக்கச் சுவர்க்கடிகாரங்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்கு மூடிய டப்பாகூடக் கிடையாது. இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே திறந்தபடி இருக்கும். அந்தத் தட்டுகளை இணைக்கும் நட்டை, விசை இருக்கும்போது கழற்றினால் சக்கரங்கள் பறக்கும், அச்சு முனைகள் வளையும், விரல் கிழியும். என் இடது கட்டைவிரலில் நகத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளைத் தழும்பு இருபது வயது அவசரத்தின் நினைவு. எனவே தட்டுகளைப் பிரிக்கும் வேலை எதுவும் இந்த வழிமுறையில் இல்லை. டயலைப் பார்த்து, பின்பக்கத்தைப் பார்த்து, காதால் கேட்டுச் செய்யும் சோதனைகள் மட்டுமே.

டயலில் இரண்டு சாவித் துளைகள் இருந்தால் பெரும்பாலும் வலது துளை ஓட்டத்துக்கு, இடது துளை மணிக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங். மணி சரியாக அடிக்கிறதே, பிறகு ஏன் கடிகாரம் நிற்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

வேண்டிய கருவிகள்: டார்ச், பூதக்கண்ணாடி, பென்சில், ஒரு சின்ன நோட்டு. அதிகம் வேலை செய்யப்போவது நோட்டுதான்.

அறிகுறி: வாரத் தொடக்கத்தில் முந்துகிறது, வாரக் கடைசியில் பிந்துகிறது

இதைக் கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். சாவி கொடுக்கும் நாளில் மட்டும் நேரம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. என் வீட்டுக் கூடத்துக் கடிகாரத்துக்கு ஒரு ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சாவி கொடுத்து, தினமும் அதே நேரத்தில் கைபேசியோடு ஒப்பிட்டு எழுதினேன். திங்கள் 45 விநாடி முந்தியது. செவ்வாய் மேலும் 35, புதன் மேலும் 20. வியாழன் அசையவில்லை. வெள்ளி 20 விநாடி இழந்தது, சனி 35, ஞாயிறு 55. வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பத்தே விநாடி பிந்தல்! பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் புதன் மாலை அதே கடிகாரம் ஒரு நிமிடம் 40 விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

முழுச் சாவியில் ஸ்பிரிங் பலமாகத் தள்ளும், நடுவில் நிதானமாகத் தள்ளும், கடைசிச் சில சுற்றுகளில் சட்டென்று தளரும். சாதாரண வீட்டுக் கடிகாரங்களில் தள்ளல் கூடினால் ஓட்டம் முந்தும், குறைந்தால் பிந்தும். இதற்குமேல் தத்துவம் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நிமிட ஏற்ற இறக்கம் இந்த வகைக் கடிகாரத்துக்கு இயல்பு. அதை நோயாக நினைத்து மருந்து தேட வேண்டாம். அதைத் தாண்டினால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் சாவி கொடுக்கும் பழக்கம். செலவே இல்லாத காரணம். அதிகம் தட்டுப்படுவதும் இதுதான். "நினைவு வரும்போது கொடுப்பேன்" என்றால் ஒரு வாரம் ஆறு நாள், மறுவாரம் பத்து நாள் என்று ஆகிவிடும். எட்டு நாள் கடிகாரங்கள் எட்டு நாளுக்கு மேலும் ஓடக்கூடியவை. அந்தக் கடைசி நாட்கள் தளர்ந்த விசையில் ஓடுபவை. கிழமையையும் நேரத்தையும் நிலைப்படுத்துங்கள். அப்படியும் ஏற்ற இறக்கம் உறுத்தினால் ஞாயிறு ஒரு முறை, புதன் இரவு ஒரு முறை என்று வாரம் இரு முறை கொடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த பகுதிக்குள் போகவே போகாது. ஓட்டம் மொத்தமாகக் கொஞ்சம் முந்தும். அதைப் பெண்டுலத்தில் ஒரே முறை சரிசெய்துவிட்டால் போதும்.

அடுத்தது பயம். "முழுக்கக் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும்" என்று தாத்தா சொன்னதை நம்பிப் பாதிச் சாவியோடு நிறுத்துபவர்கள் உண்டு. முழுச் சாவியால் ஆரோக்கியமான ஸ்பிரிங் கெடாது. சாவி இயல்பாக நிற்கும் வரை கொடுங்கள். நின்ற பிறகு முரண்டு பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான். பாதிச் சாவியில் ஓட்டினால் வாரம் முழுவதும் தளர்ந்த பகுதியிலேயே கடிகாரம் நொண்டும்.

இந்த இரண்டையும் சரிசெய்து இரண்டு வாரம் நோட்டில் எழுதிய பிறகும் ஏற்ற இறக்கம் குறையவில்லை என்றால், ஸ்பிரிங்கின் அடுக்குகளுக்கு நடுவே காய்ந்துபோன பழைய பிசுக்கைச் சந்தேகியுங்கள். இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. வீடு அடங்கிய இரவில், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின் உள்ளிருந்து அவ்வப்போது "டொங்" என்ற மொத்தையான ஓசை வரும். ஒட்டிக்கொண்டிருந்த அடுக்குகள் திடீரென்று விடுபடும் ஓசை அது. விசை சீராக வழியாமல் உந்தி உந்தி வருகிறது என்று பொருள். வெளியிலிருந்து எண்ணெய் விட்டு இது தீராது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் துடைத்துப் புது மசகு தடவ வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக, இன்னொருவர் செய்துவைத்த வினை. தரமான சில பழைய கடிகாரங்களில் ஸ்பிரிங் டப்பாவின் மேல் சிலுவை வடிவில் ஒரு சிறு சக்கரமும் அதை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல் நகர்த்தும் ஒற்றை விரலும் இருக்கும். முதல் சுற்றின் முரட்டு விசையையும் கடைசிச் சுற்றின் சோர்வையும் வெட்டிவிட்டு நடுச் சுற்றுகளை மட்டும் ஓட்டத்துக்கு விடும் பூட்டு அது. சாவி முடியும்போது மெத்தென்று இழுத்துக்கொண்டு நிற்காமல், சுவரில் முட்டியது போல "டக்" என்று நின்றால் பூட்டு இருக்கிறது. பூட்டின் திருகுத் துளை மட்டும் டப்பா மூடியில் வெறுமனே தெரிகிறதா? முன்பு பார்த்த யாரோ திரும்ப மாட்டத் தெரியாமல் கழற்றி எறிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வெற்றுத் துளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். பூட்டைப் புதிதாகச் செய்து மாட்டுவது செலவான வேலை. அதற்குப் பதில் சாவி நிற்பதற்கு ஒரு சுற்று முன்பே நிறுத்திக்கொள்ளப் பழகுங்கள். பயத்தால் பாதியில் நிறுத்துவது வேறு, எண்ணி ஒரு சுற்று குறைப்பது வேறு.

பெண்டுலத் திருகை எப்போது தொடலாம்? ஏழு நாளும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ மட்டும். முந்தினால் குண்டைக் கீழே இறக்க வேண்டும், பிந்தினால் மேலே ஏற்ற வேண்டும். கால் மீட்டர் நீளப் பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடத்தைப் புரட்டிவிடும். எனவே கால் திருகு, பிறகு ஒரு நாள் பொறுமை.

அறிகுறி: எட்டு நாள் ஓட வேண்டியது மூன்றாம் நாளே நிற்கிறது

நின்ற உடனே எண்ணாமல் சாவி கொடுத்துவிடாதீர்கள். நின்ற கடிகாரம் ஒரு சாட்சி. எண்ணாமல் சாவி கொடுத்தால் சாட்சியம் கலைந்துவிடும். முதலில் தெரிய வேண்டியது, விசை தீர்ந்து நின்றதா, விசை இருக்கும்போதே நின்றதா என்பது.

சாவியைத் துளையில் வைத்து அரைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே முழுச் சாவி வரை கொடுங்கள். வழக்கமாக வாரம் முழுவதும் ஓடிய பிறகு எத்தனை அரைச் சுற்று கொள்ளும் என்பது உங்கள் நோட்டில் இருந்தால் விடை உடனே கிடைத்துவிடும். மூன்று நாளில் நின்ற கடிகாரம் வார அளவில் பாதிக்கும் குறைவாகவே கொண்டது என்றால் உள்ளே விசை மிச்சம் இருந்தது. வார அளவு முழுவதையும் மூன்றே நாளில் விழுங்கியிருந்தால் விசை வேறு வழியில் நழுவியிருக்கிறது.

விசை மிச்சம் இருந்து நின்றால்

டிக்-டாக் ஓசையைக் கேளுங்கள். "டிக்... டாக்... டிக்... டாக்" என்று இடைவெளி சமமாக இருக்க வேண்டும். "டிக்-டாக்... டிக்-டாக்" என்று நொண்டினால் கடிகாரம் சாய்ந்திருக்கிறது. வெள்ளையடிக்க இறக்கி மாட்டிய கடிகாரங்கள் எல்லாம் இந்த நோயோடுதான் வரும். பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ சிறிது நகர்த்தி, ஓசை சமமாகும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். பெட்டி பார்வைக்குக் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. காது சொல்வதுதான் சரி. நொண்டும் கடிகாரம் முழு விசையில் எப்படியோ ஓடிவிடும், விசை சற்றுக் குறைந்ததும் நின்றுவிடும். ஆகவேதான் மூன்றாம் நாள்.

ஓசை சமமாக இருந்தும் நிற்கிறதா? பெண்டுலக் குண்டை மட்டும் கழற்றிவிட்டு, அது தொங்கிய கம்பியைக் கவனியுங்கள். பின்னால் சக்கரங்கள் வழியாக விசை நன்றாக வந்து சேர்ந்தால் கம்பி தானாகவே "டகடகடக" என்று வேகமாகத் துடிக்கும். சில விநாடிகள் பார்த்தால் போதும், குண்டை மாட்டிவிடுங்கள். துடிப்பு உற்சாகமாக இருந்தால் சக்கர வரிசை நலம். குண்டு பெட்டியின் பின்பலகையில் உரசுகிறதா, பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். துடிப்பு சோம்பலாக இருந்தால், அல்லது கம்பி அசையவே இல்லை என்றால், விசை வழியில் தின்னப்படுகிறது.

தின்பது பெரும்பாலும் எண்ணெய். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் மார்கழியில் கடிகாரத்தைக் கொடுத்தனுப்பினார். விடியற்காலையில் நிற்கிறதாம், பத்து மணிக்குத் தட்டிவிட்டால் ஓடுகிறதாம். பேய் என்று வீட்டில் பேச்சு. டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்தட்டில் அச்சு முனைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மோந்து பார்த்தேன்: தேங்காய் எண்ணெய்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் எண்ணெயைக் கடிகாரத்தில் விட்டால் மார்கழி விடியலில் அது நிற்காமல் என்ன செய்யும்? "தலைக்கு நல்லது, இதுக்கு ஆகாதா தம்பி?" என்றார் ஆச்சி. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தையல் மெஷின் எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே, கோழி இறகில் தொட்டுத் தடவிய மண்ணெண்ணெய் என்று படித்தவர்கள் செய்வது இதைவிட மோசம். மண்ணெண்ணெய் பட்டதும் கடிகாரம் மளமளவென்று ஓடும், உண்மைதான். அழுக்கோடு சேர்த்து மசகையும் கழுவிவிட்டதால் அச்சும் துளையும் வெறும் உலோகமாக உரசிக்கொள்ளத் தொடங்கியிருக்கும். அடுத்த கட்டணம் பெரியது.

அந்தத் தேய்மானத்தையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாவியைத் துளையில் வைத்து முழுதாகத் திருப்பாமல் லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள்; டார்ச் வெளிச்சத்தில் அச்சு முனைகளைக் கவனியுங்கள். துளைக்குள்ளேயே பக்கவாட்டில் துள்ளும் முனை இருந்தால் அந்தத் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவில் தேய்ந்துவிட்டது. சுற்றிலும் கருப்பும் பச்சையும் கலந்த கசடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். துளைக்குப் புது புஷ், அதாவது சிறு பித்தளை வளையம், போட வேண்டும். இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விசை தீர்ந்து நின்றால்

ஓட்டம் சரி, ஓசை சரி, ஆனால் வாரம் ஓடுவதில்லை என்றால்தான் ஸ்பிரிங்கின் மீது கை வைக்க வேண்டும். பழைய கார்பன் எஃகு ஸ்பிரிங் பல பத்தாண்டுகளில் களைத்துப்போகும். டப்பாவிலிருந்து வெளியே எடுத்த நல்ல ஸ்பிரிங் தளர்ந்து அகன்ற சுருளாக விரியும். களைத்தது டப்பாவின் அளவை விட்டுப் பெரிதாக விரிய மனமில்லாமல் கிடக்கும். "ஸ்பிரிங் மாற்ற வேண்டும்" என்று சொல்லும் பழுதுபார்ப்பவரிடம் பழையதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

புதிய ஸ்பிரிங்கின் அகலத்தையும் தடிமனையும் நீளத்தையும் பழையதோடு அளந்து பார்த்தாரா என்றும் கேளுங்கள். "இருந்ததைப் போட்டேன்" என்ற பதில் ஆபத்தானது. ஸ்பிரிங்கின் விசை தடிமனின் கனமடங்கில் கூடும். 0.40 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 0.45 போட்டால் விசை நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏறிவிடும். வித்தியாசம் ஒரு தலைமயிர்க் கனத்துக்குள்தான். ஆனால் அந்தக் கடிகாரத்தின் பற்களும் துளைகளும் அதன் பிறகு வேகமாகத் தேயும்.

அறிகுறி: மணியடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது நிற்கிறது

நின்ற நேரத்தை ஐந்தாறு முறை எழுதுங்கள். 5 மணி 54, 11 மணி 55, 2 மணி 53 என்று எப்போதும் மணிக்குச் சற்று முன்னால் நின்றால் காரணம் ஏறக்குறைய உறுதி. அந்த நிமிடங்களில் ஓட்டச் சக்கரங்கள் மணியின் நெம்புகோலையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. மிச்சம் மீதி இல்லாமல் ஓடும் கடிகாரம் அந்தக் கூடுதல் சுமையில் மூச்சு வாங்கி நிற்கும். நெம்புகோல் காரணம் போலத் தோன்றினாலும் மேலே சொன்ன எண்ணெய், தேய்மானம், நொண்டல் ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

நேரம் எதுவானாலும் பெரிய முள் ஒரே இடத்தில், உதாரணமாக 4-க்கு அருகில், நின்றால் விசையைக் குறை சொல்லாதீர்கள். முள் கண்ணாடியிலோ மற்ற முள்ளிலோ உரசுகிறது. பக்கவாட்டிலிருந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

மணி மட்டும் வாரக் கடைசியில் "டங்... டங்" என்று தூக்கக் கலக்கத்தில் அடிப்பது இயல்பே.

அறிகுறி: சாவியில் தகராறு

திருப்பும்போது சாவி பின்னால் உதைக்கிறது என்றால் இன்றே நிறுத்துங்கள். சாவியைப் பிடித்து நிறுத்தும் சிறு கொண்டியோ, அதன் ஆணியோ, அதை அழுத்தும் கம்பியோ தேய்ந்திருக்கிறது. இன்று பாதிச் சுற்று நழுவும். ஒரு நாள் முழு ஸ்பிரிங்கும் "பர்ர்" என்று அவிழ்ந்து சாவி விரல்முட்டியை விளாசும். உதைத்தால் சாவியைத் திடீரென்று விட்டுவிடாமல், இறுகப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர விடுங்கள். கொண்டி மலிவான பாகம். அதை மாற்றாமல் விட்டதால் உடைந்த சக்கரங்கள் மலிவானவை அல்ல.

சாவி எதிர்ப்பே இல்லாமல் முடிவின்றிச் சுற்றினால், அப்போது சொல்லிக்கொள்ளலாம்: ஸ்பிரிங் போய்விட்டது. அல்லது அதன் உள்முனை அச்சின் கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. முறியும்போது உள்ளே ஓர் அடி விழும். அந்த அதிர்ச்சியில் அடுத்த சக்கரத்தின் பல்லோ அச்சோ வளைந்திருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கடிகாரம் மறுபடி வீடு வந்து சேர்ந்து மறுபடி நிற்கும்.

சாவி திரும்பவே மறுக்கிறது, கடிகாரமும் ஓடவில்லை என்றால், "அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துவிட்டார்கள்" என்று வீட்டில் ஒரு குழந்தையின் மீது பழி விழும். அந்தக் குழந்தை நிரபராதி. முழுச் சாவியோடு நிற்கும் கடிகாரத்தின் கோளாறு சாவியில் இல்லை. பிசுக்கிலோ நொண்டலிலோ இருக்கிறது. "விசை மிச்சம் இருந்து நின்றால்" பகுதிக்குப் போங்கள்.

இன்னொரு தனி ரகம். ஆங்கிலேயர் காலத்து அலுவலகக் கடிகாரங்கள் சிலவற்றில் ஸ்பிரிங் டப்பாவுக்குப் பக்கத்தில் பம்பரம் போல ஒரு கூம்பும், இரண்டையும் இணைக்கும் சங்கிலியோ நரம்புக் கயிறோ இருக்கும். ஃபியூசி என்பார்கள். முழுச் சாவியில் ஸ்பிரிங் பலமாக இழுக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய நுனியில் பிடிக்கும். தளரத் தளர அகன்ற அடிப்பகுதிக்கு இறங்கும். இந்த ஏற்பாடு 15-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இந்தக் கடிகாரம் திங்கள் முந்தி சனி பிந்தினால், பிரித்துப் பூட்டிய யாரோ ஸ்பிரிங்குக்குத் தொடக்க இறுக்கம் சரியாக வைக்கவில்லை. சங்கிலி நழுவியிருந்தால் விரலால் எடுத்து மாட்ட முயல வேண்டாம். ஃபியூசி பழகியவரிடம் மட்டுமே இதைத் தர வேண்டும். பழகியவரா என்று கேட்டுவிட்டுத் தாருங்கள்.

அறிகுறி: எடைக் கடிகாரம் வாரத்தின் நடுவில் நிற்கிறது

எடையின் இழுப்பு முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுதான். ஆகவே இங்கே திங்கள்-சனி நோய் இல்லை. நீளப் பெண்டுலக் கடிகாரம் ஒவ்வொரு வாரமும் அதே நாளில் நின்றால், எடை இறங்கி இறங்கிப் பெண்டுலக் குண்டின் மட்டத்துக்கு வந்திருக்கிறதா பாருங்கள். பெட்டி சுவரோடு உறுதியாக இல்லாவிட்டால் அந்த மட்டத்தில் எடையும் கூடவே ஆடத் தொடங்கி, பெண்டுலத்தின் ஆற்றலைத் திருடிக்கொள்ளும். பெட்டியைச் சுவரோடு சேர்த்து இறுக்கினால் தீர்ந்தது.

ஓடவில்லை என்பதற்காக எடையோடு இன்னொரு எடையைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். குயில் கடிகாரத்தில் படிக்கல்லைக் கட்டியவரையும் எனக்குத் தெரியும். அழுக்கில் சிக்கிய சக்கரத்தைப் பலத்தால் இழுத்தால் பல்தான் போகும். கோபுரக் கடிகாரங்களில்கூட விசையைக் கூட்டுவதைவிட வேண்டாத விசை பெண்டுலத்தை எட்டாமல் தடுப்பதற்குத்தான் மூளையைச் செலவிட்டார்கள். 1859-இல் ஓடத் தொடங்கிய லண்டன் பிக் பென் கடிகாரத்தில் சக்கரங்கள் பெண்டுலத்தை நேரடியாகத் தள்ளுவதே இல்லை. சிறு கைகளைத் தூக்கி வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. அந்தக் கைகள் தம் எடையால் விழுந்து பெண்டுலத்தைத் தள்ளுகின்றன. முள்ளின் மீது காற்று மோதினாலும் பனி படிந்தாலும் பெண்டுலத்துக்குத் தெரியாது.

அறிகுறி: கைக்கடிகாரம் காலையில் சரி, இரவில் பிந்துகிறது

எச்எம்டி 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் ஜனதாவும் பைலட்டும் இன்னும் எத்தனையோ மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காதில் வைத்தால் ஓசை தயக்கமில்லாமல் வர வேண்டும்.

காலையில், ஒரே நேரத்தில், குமிழ் நிற்கும் வரை சாவி கொடுங்கள். கையில் கட்டிக்கொண்டு கொடுக்காதீர்கள். குமிழின் தண்டு வளையும். டயல் மேலே பார்க்க மேசையில் வைத்து 6, 12, 24 மணி நேரம் கழித்து ஒப்பிட்டு எழுதுங்கள். பிறகு நிற்கும் வரை விடுங்கள். ஆரோக்கியமான ஆண்கள் கைக்கடிகாரம் 36 மணி நேரத்தைத் தாண்டும். தாண்டினால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் போதும். 24 மணி நேரம்கூட ஓடாவிட்டால் காய்ந்த எண்ணெயோடு களைத்த ஸ்பிரிங்கும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழுதுபார்ப்பவரிடம் டிக் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் இரண்டு அளவு கேளுங்கள். பெண்டுலத்துக்குப் பதிலாக முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் முழுச் சாவியில் எத்தனை டிகிரி ஆடுகிறது, 24 மணி நேரம் கழித்து எத்தனை? படுக்கை நிலையில் 270-க்கு மேல் தொடங்கி மறுநாளும் 200-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகிழ்ச்சியாகக் கட்டிக்கொள்ளலாம். முதல் அளவை மட்டும் காட்டி "பாருங்கள், புதுசு மாதிரி" என்பவரிடம் இரண்டாவதைக் கட்டாயம் கேளுங்கள். விசை சீராக இருக்கிறதா என்பது இரண்டாம் நாள்தான் தெரியும்.

அறிகுறி: கைக்கடிகாரம் திடீரென்று தறிகெட்டு முந்துகிறது

எப்போது முந்துகிறது என்று பாருங்கள். சாவி கொடுத்த முதல் சில மணி நேரம் மட்டும் குதிரை போல ஓடி, பிறகு அடங்கினால், உள்ளே தடித்த ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள். பேலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறி ஆடி, சுற்றிவந்து எதிர்ப்பக்கம் முட்டித் திரும்புகிறது. காதில் வைத்தால் டிக் ஓசை தடுக்கித் தடுக்கி ஓடும். புதுப்பித்தது என்று சொல்லி விற்கப்படும் பழைய கடிகாரங்களில் இது அடிக்கடி தென்படுகிறது. சரியான அளவு ஸ்பிரிங் போட்டால் போதும்.

எந்நேரமும் முந்தினால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த கைபேசி உறை, பிரிட்ஜ் கதவு, எல்லாம் குற்றவாளிகள். கடிகாரத்தைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் சிறு கருவி பழுதுபார்ப்பவரிடம் இருக்கும், ஒரு நிமிட வேலை. முள் ஆடவில்லை என்றால் பேலன்ஸ் சக்கரத்தோடு இருக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு.

கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் குமிழ் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. அது கோளாறு இல்லை. ஸ்பிரிங் நிரம்பியதும் வழுக்கிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். சில செய்கோ 5 ரகங்களில் குமிழால் சாவி கொடுக்கவே முடியாது. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கையில் அது இரவில் நின்றால், கடிகாரத்தைக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் மாலையில் நடந்து பாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நோட்டையும் கொண்டுபோங்கள். "சரியாக ஓடவில்லை" என்பதற்கும் "முழுச் சாவியில் 45 விநாடி முந்துகிறது, ஆறாம் நாள் 35 விநாடி பிந்துகிறது, இரவில் டொங் ஓசை வருகிறது" என்பதற்கும் கட்டணத்திலேயே வித்தியாசம் இருக்கும். சுவர்க்கடிகாரத்தைத் தூக்கும் முன் பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியபடியே பஸ்ஸில் கொண்டுபோனால் தொங்கு தகடு ஒடிந்துதான் கடை சேரும்.

வேலை முடிந்து வந்ததும் பின்தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பழுதுபார்ப்பவர்கள் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் ஊசியால் கீறிவைப்பார்கள். எங்கள் கூடத்துக் கடிகாரத்தில் அப்படி நான்கு கீறல்கள் இருக்கின்றன. இரண்டைப் படிக்க முடியவில்லை, ஒன்று 1938, ஒன்று 1961. பித்தளையைக் கீற எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: ஞாயிறு மாலை ஏழு மணி, ஓட்டத்துக்குப் பதினான்கு அரைச் சுற்று, மணிக்குப் பதினொன்று.